சிக்னி முன்கூட்டிக் கேளாத கதை

எங்கள் குடும்பத்தில் பிறந்தவர், மணந்தவர், மறைந்தவர் விவரங்களை எழுதிவைக்கும் பொறுப்பு என்னுடையது. என் அக்கா சிக்னி பாக்கனைப் பற்றி அதில் ஒரே வரிதான் இருந்தது: துலூத் நகர நூலகப் பணியாளர், ஹால்வரின் மனைவி. அவளைச் சொல்ல அது போதாது.

பொது வானொலி நிலையம் நேயர்களிடம் நன்கொடை கேட்கும் வாரங்களில், அங்கே தொலைபேசி எடுக்க ஆண்டுதோறும் போகிறவள் அவள். அந்த வானொலியின் பாட்காஸ்ட்டுகளில் எது யாருக்குப் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். தேவாலயத்தில் வழிபாட்டுக்குப் பின் தரும் காப்பி ஆறுவதற்குள் யாராவது வந்து, "நடக்கறப்ப கேக்க ஏதாவது சொல்லேன் சிக்னி" என்பார்கள். "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று விசாரித்த பிறகே சொல்வாள். நாய் இழுத்த பக்கம் போகிறவர்களுக்குச் செய்தி அலசல். தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவைப்பவர்களுக்கு மெல்லிய குரலில் அறிவியல். தான் முழுதாகக் கேட்காத எதையும் அவள் பரிந்துரைத்ததில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் ஹால்வருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நகராட்சியின் பனி அகற்றும் வண்டியை ஓட்டியே காலம் கழித்த அவரை, மருத்துவர் தினமும் மெதுவாக நடக்கச் சொன்னார். முழங்கால் வலியால் சிக்னி உடன் போக இயலவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் வாசலில் நிகழ்ச்சியைத் தொடங்கும்போது, இவளும் சமையலறையில் அதையே ஓடவிடுவாள். அது முடிகையில் படியில் அவருடைய காலடி கேட்டாக வேண்டும். பெரும்பாலும், தான் முன்பே கேட்டு முடித்த காட்டு வாத்து நிகழ்ச்சிகளையே கொடுப்பாள்.

பழைய படங்களைப் பிரதி எடுக்க அவள் வீட்டுக்கு நான் போயிருந்த நாள், நன்கொடை வாரத்தில் வந்தது. முன்கூட்டிக் கேட்க நேரமின்றி, ஏரிக்கரை நடைகள் என்ற தலைப்பை மட்டும் நம்பி ஹால்வருக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நிகழ்ச்சியில் ஒரு பெண், மருத்துவமனையிலிருந்து திரும்பிய தன் கணவர் நடக்கப் போன இடத்தில் சரிந்து விழுந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

சிக்னியின் கரண்டி நின்றது. "ஹால்வரும் இப்ப இதத்தான் கேட்டுட்டிருப்பாரு."

"போன் பண்ணுக்கா."

"இந்தக் கதைக்கு நடுவுல திடீர்னு மணி அடிச்சா? அதுவே போதும் அவருக்கு."

ஆயினும் அழைத்தாள். பதில் இல்லை. மறுபடியும் இல்லை. நான் கார்ச் சாவியைத் தேடுவதற்குள் அவள் ஏரிக்குப் போகும் சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்டாள்.

"மெதுவாக்கா. நீயும் விழுந்தா நான் யாரத் தூக்கறது?"

"வாய மூடிட்டு வா."

ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது. பாதையெங்கும் ஈர இலைகள். தொலைவில் ஹால்வருடையது போன்ற சிவப்புத் தொப்பி தெரிந்ததும் அவள் நொண்டியபடி ஓடினாள், அது வேறொருவர். முதல் இருக்கை காலி, அடுத்ததும் காலி. வளைவைத் தாண்டிய பிறகே, இயர்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹால்வரைக் கண்டோம்.

"போன எடுக்கத் தெரியாதா உனக்கு?"

"கையுறை. கழட்றதுக்குள்ள நின்னுடுச்சு."

"ஏன் உக்காந்துட்ட? வலிக்குதா?"

"மூச்சு வாங்குது, அவ்ளோதான். நீ வீட்ல தனியா அதக் கேட்டுப் பயந்துருப்பன்னு வேகமா வந்தேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"நான் முன்னாடியே கேக்கல, ஹால்வர்."

"தெரியுது. கேட்டிருந்தா மறுபடியும் காட்டு வாத்துதான குடுத்திருப்ப."

அவள் அருகில் அமர்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "முடிவு கேட்டியா?" என்றாள்.

"இல்ல. நீ?"

"பாதியில ஓடி வந்துட்டேன்."

காதுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு இருவரும் மீதியைக் கேட்டார்கள். அந்தப் பெண் என்ன சொல்லி முடித்தாள் என்பதை இருவருமே எனக்குச் சொல்லவில்லை. ஆகவே அதை நான் பதியவில்லை.

இப்போதும் காப்பி நேரத்தில் அவளிடம் வருகிறார்கள். தூரத்தைக் கேட்பதற்கு முன், "யார்கூட நடக்கறீங்க?" என்கிறாள். தனியாக என்று பதில் வந்தால் வெகுநேரம் யோசிக்கிறாள். அப்போதெல்லாம் ஹால்வர் தம் கோப்பையிலிருந்து தலை நிமிராமல், "வாத்து குடு, சிக்னி. வாத்து நல்லாத்தான் இருக்கும்" என்கிறார்.