வெஸ்பர் மாலையை யார் எடுப்பது

அஞ்சலா ஒரு காரியத்தை "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், நாவலப்பிட்டிக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறகு அதைப்பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள். கவலை முழுக்க அவளுடையதாகிவிடும்.

கோயில் பாடகர் குழுவை நடத்தும் லூக்காஸின் மகள். தொழிலாளர் லயத்தில் பிறந்து, டவுன் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி ஏறிப் படித்து, பேராதனையில் கணினி படித்து முடித்தவள். இப்போது கண்டியில் ஒரு சின்னக் கம்பனியில் வேலை. டியூசன் வகுப்புகளுக்கு நேரசூசி போடும் புரோகிராம் எழுதுகிறாள். இந்த ஆசிரியர் வெள்ளிக்கிழமை வரமாட்டார், அந்த வகுப்புக்கு மாடி வேண்டாம், இவர் வந்தால் அவர் வரமாட்டார். இப்படி நூறு சிக்கல் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிற ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த தலைக்கனம்.

இந்த வருஷம் அவள் "பாத்துக்கிறேன்" என்றது அந்தோனியார் திருநாளை. ஒன்பது நாள் வழிபாடான நவநாளின் ஒவ்வொரு மாலையையும் ஒரு கூட்டம் எடுத்து நடத்தும். திருநாளுக்கு முந்தின மாலையான வெஸ்பருக்குத்தான் பெரிய மதிப்பு. சொரூபத்தைத் தூக்க ஆள்பலம் வேண்டும், வருகிற சனத்துக்குச் சாப்பாடும் கொடுக்கவேண்டும். தோட்டத்து மேற்பிரிவு ஆட்களாலும் டவுன் கடைக்காரர்களாலும்தான் அது ஏலும். போன வருஷம் மாலைகளைப் பங்குபோட்டதில் வந்த சண்டை கோயில் முற்றத்தில் தள்ளுமுள்ளாக முடிந்தது. பாதர் இந்த முறை முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஞாயிறு பூசை முடிஞ்சு கூட்டம். அதுல ஒழுங்கு வராட்டி நவநாளும் இல்ல, பவனியும் இல்ல. ஒரே ஒரு பூசையோட திருநாளை முடிச்சுக்குவோம்."

வழக்கமாக வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கூட்டத்தின் விருப்பத்தையும் கேட்டுவருகிற உபதேசியார், தன் மகளோடு இருக்க வத்தேகமவுக்குப் போய்விட்டார். அதனால் அஞ்சலா கண்டியில் இருந்தபடியே எல்லோருக்கும் போன் எடுத்தாள். அவரவர் சொன்னதைச் சொன்னபடியே புரோகிராமில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்துத் தகரத்தில் மழை கொட்டியது. மடிக்கணினியை மேசையில் வைத்து, எல்லோரும் பார்க்கவேண்டும் என்றே கொஞ்சம் ஸ்டைலாக ஒரு பொத்தானைத் தட்டினாள். பதில் கண் இமைக்குமுன் வந்துவிட்டது.

முடியாது.

"அதச் சொல்லவா கண்டியிலருந்து வந்த?" என்றார் டவுன் கடைக்காரர் லக்ஸ்மன். "நாங்க போன வருஷமே அடிபட்டுக் கண்டுபிடிச்சதாச்சே!"

மண்டபம் சிரித்தது. லூக்காஸ் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்க மாமா," என்றாள் அஞ்சலா. "உங்களால முடியலங்கிறது வேற, முடியவே முடியாதுங்கிறது வேற. ஆமா, இல்லன்னு பதில் வாற கேள்வி பத்து இருந்தா, ஆயிரத்துச் சொச்சம் விதமா பதில் சொல்லலாம். இருபது இருந்தா பத்து லட்சத்துக்கு மேல. இங்க அதுக்கும் மேல இருக்கு. இது அத்தனையிலயும் ஒண்ணுகூடத் தேறாதுன்னு சொல்லுது."

"எல்லாத்தையும் அதுக்குள்ள பாத்துருச்சா?" பாதர் எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணாப் பாக்கல பாதர். முட்டுற இடத்தக் கண்டா அந்தப் பக்கத்தையே வெட்டிவிட்டுரும். நம்ம கேள்வி சின்னது, அதான் சுருக்கா முடிஞ்சிச்சு. இதே மாதிரிக் கேள்வி எல்லாத்துக்கும் பொருந்துற குறுக்கு வழி உலகத்துல இன்னும் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வழி இல்லவே இல்லன்னும் யாரும் நிரூபிக்கல."

முடியாது என்றால் திருநாள் போச்சு. அஞ்சலா இன்னொரு கட்டளை கொடுத்தாள். எந்தெந்த நிபந்தனை சேர்ந்தால் முட்டுகிறது, அதை மட்டும் பிரித்துக் காட்டு.

மூன்றே மூன்று வரி வந்தது. ஒன்று, வெஸ்பர் மேற்பிரிவுக்கு வேண்டாம். இரண்டு, வெஸ்பரை டவுன்காரர் எடுப்பதானால் லூக்காஸின் குழு பாடவேண்டும். மூன்று, வெஸ்பரை டவுன்காரர் எடுத்தால் லூக்காஸின் குழு பாடாது.

மூன்றாவதைச் சொன்னவர் அவளுடைய அப்பா. மறைத்துவிடலாம்தான். அவள் மறைக்கவில்லை. மூன்றையும் உரத்து வாசித்தாள்.

"முடிச்சு வீட்டுக்குள்ளயேதானா!" என்றார் லக்ஸ்மன்.

லூக்காஸ் எழுந்தார். "நாங்க பாடிக்கிட்டிருக்கையில ஸ்பீக்கர்ல கேசட்டுப் பாட்டப் போட்டது யாரு? எங்க ஆர்மோனியத்துல கரப்பான் ஓடுதுன்னு சொன்னது யாரு?"

"ஓடிச்சே லூக்காஸ் அண்ணே!"

"ஓடட்டும். அதுவும் அந்தோனியாருக்குத்தான் ஓடிச்சு!"

பாதர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவைக் கெஞ்சி வழிக்குக் கொண்டுவரலாமா என்று அஞ்சலா யோசித்துக்கொண்டிருந்தபோது தேத்தண்ணித் தட்டு வந்தது. மேற்பிரிவுத் தலைவர் கிறகரியிடம் நீட்டினார்கள்.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்," என்றார் கிறகரி.

"குடிங்க அண்ணே, மழைக்கு நல்லாருக்கும்."

"சரி, அப்ப குடுங்க." ஒரே மூச்சில் பாதிக் கோப்பை காலி.

அஞ்சலா அந்தக் கோப்பையையே பார்த்தாள். போனில் கிறகரி சொன்னது காதில் திரும்ப ஒலித்தது: "வெஸ்பரா? எங்களுக்கு எதுக்கும்மா, வேற யாராச்சும் எடுக்கட்டும்." சரி மாமா என்று போனை வைத்தவள் அவள்தான். கேட்டதும் வாயைப் பிளந்துகொண்டு வாங்குகிறவனை இந்தத் தோட்டத்தில் யார் மதிப்பார்கள்? உபதேசியார் எந்த வீட்டுப் படியும் ஒரு தரம் மட்டும் ஏறியதில்லை. லயத்தில் பிறந்தவள், முதலில் சொன்ன "வேண்டாம்" என்பதைப் போய் முடிவு என்று பதிந்துவைத்திருக்கிறாள்!

அவள் எழுந்து கிறகரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, சபைக்கு முன்னால கேக்கிறேன். வெஸ்பர நீங்க எடுத்து நடத்தணும்."

கிறகரி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். தோளில் இருந்த துவாயைச் சரிசெய்தார்.

"இப்படி எந்திரிச்சு வந்து கேட்டா, மாட்டோம்னு சொல்ல நாங்க என்ன மனுசங்க இல்லையா?"

அஞ்சலா ஒரு வரியை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினாள். ஒழுங்கு வந்தது, கொடியேற்றம் முதல் பவனி வரைக்கும். அவள் அதை வாசிக்க வாசிக்க ஒவ்வொரு கூட்டமும் தன் நிபந்தனையை மட்டும் சரிபார்த்தது. எங்களுக்குச் சரி, எங்களுக்கும் சரி என்று குரல்கள் வந்தன. கண்டுபிடிக்கத்தான் அத்தனை பாடு. சரிபார்க்க ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுகிற நேரம் போதுமாக இருந்தது. டவுன்காரர்களுக்குக் கொடியேற்ற மாலை கிடைத்ததில் லக்ஸ்மனுக்கு வாயெல்லாம் பல்.

"நவநாள் உண்டு," என்றார் பாதர்.

"மெசின் முடியாதுன்னுச்சு, நம்ம லயத்துப் பிள்ள முடிச்சுக் காட்டிருச்சு!" கிறகரி மண்டபமே அதிரக் கத்தினார். மெசின் சொன்னதில் பிழை இல்லை, தான் கொடுத்ததில்தான் பிழை என்று சொல்ல அஞ்சலா வாயெடுத்தாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவளும் இன்னொரு முறை சொல்லவில்லை.

மழை விட்டபின் அப்பாவும் மகளும் மேட்டில் ஏறினார்கள். எதிரே வந்தவர்களிடமெல்லாம் லூக்காஸ் கேளாமலே சொன்னார். "என் மகதான். என் பேரையும் சேத்து வாசிச்சா. பயமில்ல."

லயத்துக்குக் கிட்டே வந்ததும் அஞ்சலா மெல்லக் கேட்டாள். "அப்பா, கொடியேற்றத்தன்னைக்கு டவுன்காரங்களோட ஒரு பாட்டுப் பாடுவீங்களா?"

"வேணாம்."

"ரெண்டாந்தரமும் கேக்கவா?"

"கேக்காத பிள்ள," என்றார் லூக்காஸ். "இது நெசமாவே வேணாம்."