சுவரில் இருந்த அக்கா

இங்கிலாந்தில் படிக்கும் மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். கூரையில்லாத, பாசி படர்ந்த பெரிய கல் சுவர்கள். நடுவில் செம்மறி மேய்கிறது. சிஸ்டெர்சியன் துறவிகளின் பழைய மடமாம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளை அங்கிக்காரர்கள் அதிகம் பேசாமல், ஜெபமும் வயல் வேலையுமாக அங்கே இருந்திருக்கிறார்கள். பிறகு ராஜா மடங்களையெல்லாம் மூடிவிட்டாராம். கூரையின் ஈயத்தகடு முதலில் போயிருக்கிறது.

"மிச்சக் கல்ல ஊர்க்காரங்களே தூக்கிட்டுப் போயி மாட்டுக் கொட்டாய் கட்டிட்டாங்கப்பா. என்னா ஆளுங்க லா" என்று குரல் செய்தியில் சிரித்தாள்.

அந்தப் பாசியைப் பார்த்ததும் எங்கள் தேயிலை எஸ்டேட் மாதா கோயிலின் வாசனை வந்துவிட்டது. ஈரக் கல், மெழுகுவர்த்தி, கொழுந்துக் கூடையின் புளித்த வாடை. கோயில் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, இருபது பேர் உட்கார்ந்தால் இருபத்தோராவது ஆள் வாசலில்தான். அந்த ஆள் பெரும்பாலும் நானே. பாதிப் பூசையில் நழுவ வசதி.

சுவர் முழுக்க ஆற்றுக் கல். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தையைக் கல்லறையில் சேர்க்க அப்போது விடமாட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு இடையில் புதைப்பார்கள், அடையாளம் தங்காது. அதனால் தாய் ஒரு கல்லைக் கொழுந்துக் கூடையில் சுமந்து வருவாள். தகப்பன் உளியால் சிலுவை கொத்துவார். அதைக் கோயில் சுவரில் வைத்துப் பூசுவார்கள். எனக்கு முன்னால் பிறந்த அக்காவும் அப்படி ஒரு கல். பெயர்கூட வைக்கவில்லை. பூசை முடிந்ததும் அம்மா அந்தக் கல்லைத் தடவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

ஆட்கள் டவுனுக்கு இறங்க, தொழிலாளர் லயம் காலியாகி, கோயிலும் பூட்டிக் கிடந்தது. இங்கேயும் முதலில் போனது கூரைதான். அப்போது நான் லோரி ஓட்டினேன். பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த தவுக்கே, அதாவது சீன முதலாளி, சரிவுக்குத் தடுப்புச் சுவர் கட்டக் கல் கேட்டார். கல் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்த இடம் அந்தக் கோயில் ஒன்றுதான். அக்காவின் கல் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். அதை மட்டும் தனியாக எடுத்து வைக்கலாம் என்றிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அவசரத்தில் எல்லாம் ஒன்றாக ஏறிவிட்டது.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய வேலை முடித்தவன் மாதிரி அம்மாவிடம் பெருமையடித்தேன்.

"பாப்பா கல்ல எங்கடா வச்ச?"

"அதுவும் லோரில போயிருச்சும்மா."

பானையிலிருந்து சோற்றை அள்ளித் தட்டில் போட்டாள். "சரி, சாப்புடு" என்றாள். சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் திரிங்காப் போனேன். தக்காளிச் செடிகளுக்குக் கீழே சுவர் உறுதியாக நிற்கிறது. ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தேன். சிலுவை எதுவும் தட்டுப்படவில்லை. கொத்திய பக்கம் மண்ணுக்குள் போயிருக்கும்.

நேற்று மகளுக்கு எழுதினேன்: "அந்தக் கொட்டாய்ப் பக்கம் போனா, கல்லுல ஏதாச்சும் கொத்தியிருக்கான்னு பாரு."

"ஏம்பா?" என்று கேட்டிருக்கிறாள்.

தனக்கு ஒரு அத்தை இருந்தது அவளுக்குத் தெரியாது. அம்மா இல்லை, கோயிலும் இல்லை. அந்தப் பிள்ளை பிறந்தாள் என்று காட்ட இருந்தது ஒரே ஒரு கல். அதை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.