கப்பலில் பெரட்டு

துரைசானி ஹாலிடே என்று சொன்னபோது பேச்சியம்மாள் பங்களாவின் பின்கட்டில் குழந்தை மிஸ்ஸியின் கவுன்களுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய வெள்ளைக் கப்பல், சிங்கப்பூரில் ஏறினால் ஜாவா, பாலி எல்லாம் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும், நீயும் வருகிறாய், இது உனக்கும் ஹாலிடேதான் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் துரைசானி சொன்னாள். பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒரு கப்பலில் ஏறுவார்களா என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் ஏறிய ஒரே கப்பல் நாகப்பட்டினத்தில் ஏற்றிக்கொண்டு பினாங்கில் கொட்டிவிட்டுப் போனது. திரும்பி வா என்று அது யாரையும் கூப்பிடவில்லை.

மலாயாவில், கூலாய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. சாயங்காலம் மிஸ்ஸி தாயோடு காரில் உலாவப் போகும் நேரம்தான் பேச்சியம்மாள் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்த் தன் புருஷனைப் பார்த்துவிட்டு வரும் நேரம். வீரமுத்து பால்மரம் வெட்டுகிறவன். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஹாலிடேன்னா என்ன மாமா?"

"வேலை இல்லாத நாளு."

"மழை நாள் மாதிரியா?"

"மழை நாள்ல நமக்குப் பேரு விழாது. தொரைங்களுக்கு ஹாலிடேலயும் பேரு விழும். அதான் வித்தியாசம்."

பேர் விழுவது என்றால் அன்றைய கூலி எழுதப்படுவது. தோட்டத்தில் எல்லாம் அந்தப் பேரில்தான் இருந்தது.

"அப்ப எனக்கு?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு," என்று வீரமுத்து இருமினான். கொஞ்ச காலமாகவே அவனுக்கு இருமல் இருந்தது. விடியற்காலைப் பனியில் மரத்துக்கு மரம் நடக்கிறவர்களுக்கு வருகிற இருமல்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். பங்களாவில் படுத்திருப்பவளுக்கு அது காதில் விழுவதில்லை. அதனாலேயே அவளுக்கு அது கூடுதலாகக் கேட்டது.

ஆயா வேலைக்கு அவளைப் பிடித்துக் கொடுத்தவர் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி. "பிள்ளை இல்லாதவங்க தொரே, வீட்டு நெனப்பு வராது," என்று அவர் சொன்ன சிபாரிசு லயம் முழுக்கத் தெரியும். மிஸ்ஸி டோரா அப்போது கைக்குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அத்தனை வருஷமும் பேச்சியம்மாள் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். ஒரு ராத்திரியாவது அவள் முழுசாகத் தூங்கியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. குழந்தை புரண்டால் விழிப்பு, தண்ணீர் கேட்டால் விழிப்பு, ஒன்றும் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று விழிப்பு. களைப்பு அவளுக்கு ஒரு நோயாகத் தோன்றவில்லை. காது, மூக்கு மாதிரி அது தன்னோடு பிறந்தது என்றே நினைத்திருந்தாள்.

ஹாலிடேக்குப் பின்னால் இன்னொரு செய்தியும் இருந்தது. கேமரன் துரைக்குப் பேராக் பக்கத்தில் பெரிய தோட்டம் ஒன்றின் நிர்வாகம் கிடைத்திருந்தது. கப்பல் பயணம் முடிந்ததும் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். ஆயாவும் கூட வரவேண்டும். அந்தத் தோட்டத்தில் புதிதாக ஆள் எடுக்கவில்லை, வீரமுத்துவுக்கு அங்கே இடமில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பிச் சேர்வதற்குள் நீ முடிவு சொல்லிவிடு என்று துரைசானி தவணை வைத்தாள்.

"போன்னா போறேன், வேணாம்னா நிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லு மாமா," என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"நா என்ன சொல்றது? சோறாக்கத் தெரியும் எனக்கு," என்றான் வீரமுத்து. போகாதே என்று அவன் சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

காரில் ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தபோது பேச்சியம்மாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் தோட்டத்துப் புகைவீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளையடித்த மாதிரி இருந்தது. பேண்டு வாசித்தார்கள். துரைமார்கள் கலர் காகித நாடாக்களைக் கரைக்கு வீசினார்கள். மிஸ்ஸிக்கும் ஒரு நாடா கொடுத்தார்கள். அதை அவள் ஆயாவின் தலையில் சுற்றிவிட்டாள். பேச்சியம்மாள் அதை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

வேலைக்காரர்களுக்கு இடம் கீழே, இயந்திரத்துக்குப் பக்கத்தில். சுவரைத் தொட்டால் சூடு. எண்ணெய் வாடை. அந்த அறையில் இன்னொரு ஆயாவும் இருந்தாள். அந்தோணியம்மாள் என்று பேர், ஜொகூர் பாருவில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் வேலை. கப்பல் அவளுக்குப் புதிதல்ல, சீமைக்கே போய் வந்தவள். வந்ததும் நல்ல படுக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோட்டத்து ஆளா நீ?"

"ஆமாக்கா. கூலாய்ப் பக்கம்."

"பாத்தாலே தெரியுது. கப்பலுக்கு வந்துட்டு தலையில துணி கட்டிக்கிட்டு நிக்கிற. இங்க என்ன அட்டையா கடிக்கப்போவுது?"

"ஹாலிடேன்னு சொன்னாங்கக்கா."

அந்தோணியம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஹாலிடே அவுங்களுக்குடி. நாம அவுங்க பெட்டி. பெட்டிக்கு எங்கனா ஹாலிடே உண்டா? ஆனா ஒன்னு, பெட்டிய தலைகீழா வெக்க மாட்டாங்க."

முதல் நாளே கடல் ஆடியது. மிஸ்ஸி வாந்தி எடுத்தாள். ஏதோ ஒத்திகைக்காக எல்லாரும் மேல்தட்டில் கூடியபோது பேச்சியம்மாள் வாந்திக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு குழந்தை தெளிந்தாள், ஓட ஆரம்பித்தாள். மேல்தட்டு நீளமோ தோட்டத்து ரோடு மாதிரி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு குழந்தை நுழைந்துவிடலாம் போல இடைவெளி. பேச்சியம்மாள் காலை முதல் ஓடினாள். துரைசானி கித்தான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல காற்று இல்லையா, ஆயா?" என்று கேட்டாள். காற்று நன்றாகத்தான் இருந்தது. நின்று வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம், பாட்டம். தாயும் தகப்பனும் வரும்வரை பேச்சியம்மாள் குழந்தையின் அறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். ஜாவாவில் பத்தாவியாவில் இறங்கினார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். பாலியில் மிஸ்ஸிக்கு உடம்பு சூடு கண்டது, அதனால் இருவரும் இறங்கவில்லை. உலகமெல்லாம் போய்ப் பார்க்கிற ஊரை அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். தென்னைமரம் தெரிந்தது. பின்னால் ஒரு மலை.

"என்ன முடிவு பண்ணுன?" என்று அந்தோணியம்மாள் கேட்டாள். பேராக் விஷயத்தை அவளிடம் பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள்.

"மிஸ்ஸி என்னை விட்டா யார்கிட்டயும் சோறு திங்காதுக்கா. தண்ணியில ஏதாச்சும் ஆனாக்கூட நாந்தான் தூக்கணும். அதுக்கு அம்மாகிட்டப் போகத் தெரியாது."

"பசிச்சா எல்லாம் திங்கும். ஒம் புருசன் திங்கறானா அங்க?"

பேச்சியம்மாள் மிஸ்ஸியின் கவுனை மடித்து வைத்தாள். துரைசானியிடம் முடியாது என்று சொல்வதைப் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். மலாயில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அது வாய்க்கு வந்ததும் "சரிங்கம்மா" என்று மாறிவிட்டது. அத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெண்ணிடம் வேறு வார்த்தை பேசியதில்லை.

திரும்பும் வழியில் ஒரு காலை, கீழே நடைபாதையில் ஜாவாக்கார வேலையாள் ஒருவன் கதவுகளைத் தட்டிக்கொண்டே "மஸ்டர், மஸ்டர்" என்று கத்திப்போனான். மேலே சங்கு ஊதியது.

"என்னவாம்?" என்றாள் அந்தோணியம்மாள், அரைத் தூக்கத்தில். "மஸ்டரா? அது கறிக்குத் தொட்டுக்கற கடுகு. மஞ்சளா இருக்கும். காலையிலேயே எதுக்குக் குடுக்கறானுங்க?"

"இல்லக்கா, பெரட்டு," என்றாள் பேச்சியம்மாள்.

தோட்டத்துத் துரை பெரட்டை மஸ்டர் என்றுதான் சொல்வார். விடிவதற்கு முன் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, கிராணி பேர் சொல்லிக் கூப்பிட, இருக்கேன் என்று குரல் கொடுப்பதுதான் பெரட்டு. கப்பலிலும் அது உண்டு என்பது பேச்சியம்மாளுக்கு ஆச்சரியமாக இல்லை. இத்தனை நாள் இல்லாததுதான் ஆச்சரியம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தலைத்துணியைக் கட்டினாள். குழந்தை இருக்கும் பக்கம் மேலே ஓடினாள்.

மேல்தட்டில் துரைமார்கள் சட்டைக்கு மேல் தக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு படகுகளுக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றார்கள். கப்பல் முழுகினால் யார் எந்தப் படகில் ஏறுவது என்று காட்டும் ஒத்திகை. போன தடவை பாதிப் பேர் வரவில்லையாம், அதனால் இந்தத் தடவை பேர் கூப்பிடுகிறார்களாம். ஜாவாக்காரன் மலாயில் விளக்கிவிட்டு அவளைக் கையால் திருப்பினான். "நீ இங்கே இல்லை. வேலைக்காரர்கள் படகு பின்னால்."

"குழந்தை இங்க இருக்கே?"

"குழந்தை அம்மாவோடு. நீ பின்னால்."

மிஸ்ஸி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயாவைப் பார்த்துச் சிரித்து, "ஆயா, கப்பல் முழுகப்போவுதாம். சும்மா வெளையாட்டுக்கு," என்று தோட்டத்துத் தமிழில் சொன்னாள்.

பின்பக்கப் படகில் ஒரு இளவயது அதிகாரி காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். அந்தோணியம்மாளும் தூக்கினாள். பிறகு அவன், "மிஸ்டர் கேமரன்ஸ் ஆயா," என்றான்.

யாரும் கை தூக்கவில்லை.

"மிஸ்டர் கேமரன்ஸ் ஆயா."

பேச்சியம்மாள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பேர் வரும் என்று காத்திருந்தாள். பெரட்டில் அடுத்தவர் பேருக்குக் குரல் கொடுப்பது பெரிய குற்றம். காய்ச்சலில் கிடந்த அண்ணனுக்காக இருக்கேன் என்று சொன்ன ஒருவனைத் தோட்டத்தை விட்டே விரட்டியிருந்தார்கள். ஆயா என்பது பங்களாவுக்குள் கூப்பிடும் சொல், பெரட்டில் அதற்கு இடம் இல்லை. அதிகாரி மூன்றாம் தடவையும் கூப்பிட்டான். பிறகு விசில் ஊதினான். ஓர் ஆள் குறைகிறது, கடலில் விழுந்தாளோ என்று தேட ஆள் போனது. வெயிலில் கப்பல் முழுக்கக் காத்து நின்றது.

"ஏய், ஒன்னத்தான் கூப்பிடறான்," என்று அந்தோணியம்மாள் முழங்கையால் இடித்தாள்.

"எம் பேரு கூப்பிடலக்கா."

"அடிப்பாவி, ஆயான்னா நீதான்டி. என்னையும் அப்படித்தான் கூப்பிட்டான். நா என்ன செத்தா போயிட்டேன்?"

அதற்குள் துரைசானி குழந்தையை இழுத்துக்கொண்டு முகம் சிவந்து வந்துவிட்டாள். "இங்கேதான் நிற்கிறாய். ஏன் பதில் சொல்லவில்லை?"

"எம் பேரு கூப்பிடலிங்கம்மா."

அதிகாரி பென்சிலை எடுத்துக்கொண்டு துரைசானியைப் பார்த்தான். பேர் என்ன என்று கேட்டான். துரைசானி வாய் திறந்தாள், திறந்தபடி இருந்தாள். மிஸ்ஸிதான், "பேச்சி," என்றாள். எப்போதாவது பங்களா வாசலில் வந்து நின்று வீரமுத்து கூப்பிடுவதைக் கேட்டுக் கற்றிருப்பாள் போல.

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டான். கூட்டம் கலைந்தது. துரைசானிக்குக் கோபம் தணிந்து ஒரு மாதிரி ஆகியிருந்தது. "இது கப்பல் சட்டம், ஆயா. படகு தனி என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. அப்படி ஏதாவது நடந்தால் மிஸ்ஸியை நான் பார்த்துக்கொள்வேன்," என்றாள்.

பேச்சியம்மாள் அவளைப் பார்த்தாள். துரைசானியின் கை குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கமாக இருந்தது. குழந்தையும் அதை உதறவில்லை. கப்பல் முழுகுகிற நேரத்தில், இருட்டில், தண்ணீரில், அந்தக் கை விடாது என்று கப்பலே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் இத்தனை வருஷம் தான் விழித்துக்கொண்டு கிடந்தது எதற்கு? தான் இல்லாவிட்டால் ஆகாது என்று தன்னிடம் யாராவது சொன்னார்களா, தானாக நினைத்துக்கொண்டாளா? அவளுக்குத் தெரியவில்லை. கால் வலித்தது.

"அப்படீன்னா பேராக்குலயும் நீங்களே பாத்துக்குங்கம்மா," என்றாள். "நா வரலிங்க."

மலாயில் சொல்ல நினைத்தது தமிழில் வந்துவிட்டது. துரைசானிக்குப் புரியவில்லை என்று நினைத்து மிஸ்ஸியே அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் குழந்தைக்கு உறைத்தது. அவள் முகம் கோணியது. பேச்சியம்மாள் குனிந்து தூக்கப் போனாள். பிறகு நிமிர்ந்துகொண்டாள்.

அந்தோணியம்மாள் கீழே முன்னமே வந்து படுத்திருந்தாள். பேச்சியம்மாள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

"சொல்லிட்டியாமே. கப்பல் பூரா பேச்சு. என்ன சொன்னா ஒந் தொரைசானி?"

"ஒன்னும் சொல்லல. மிஸ்ஸி பால் குடிக்கற நேரம்னு சொன்னாங்க."

"நீ என்ன பண்ணுன?"

"பால் குடுத்து, தூங்க வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"அது அழுவலியா?"

"அழுதுச்சு. அப்புறம் தூங்கிருச்சு."

பேச்சியம்மாள் தலைத்துணியை அவிழ்த்துக் கால்மாட்டில் போட்டாள். படுக்கையில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இயந்திரம் முதுகுக்குள் அதிர்ந்தது. தூக்கம் வரவில்லை. மேலே எங்கேயோ ஒரு குழந்தை சத்தம் கேட்டது, மிஸ்ஸியாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை.