கிழக்கெல்லைக் கல்

ரங்கூனில், பசுண்டாங் ஓடைக்கு அக்கரையில் நான் வேலை பார்த்த டவுன்ஷிப்பின் பூகோளத்தை ஒரு வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். மேற்கே ஓடை. தெற்கே அரிசி ஆலை. வடக்கே சம்பான் படகுத் துறை. கிழக்கே ஒரு சேற்று வாய்க்கால், அதைத் தாண்டினால் தாகேதா வயல்கள்.

சரித்திரம் அதைவிடச் சின்னது. முதலில் மீன் பிடிக்கிற பர்மியர்கள் இருந்தார்கள். பிறகு ஆலை வந்தது. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஆட்கள் சேர்ந்ததும் நாற்றம் சேர்ந்தது. நாற்றம் துரை பங்களா வரைக்கும் எட்டியதும் ஒரு கமிட்டி சேர்ந்தது. ஆலை மேனேஜர் துரை அதற்குத் தலைவர். லூஜி என்று எல்லாரும் அழைத்த பர்மிய ஊர்ப்பெரியவர் ஓர் அங்கத்தினர், மளிகைக் கடை மரைக்காயர் இன்னொருவர். துரை பேசுவார், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். எங்கள் சுயாட்சி அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அந்தக் கமிட்டி ஆபீசில் நான் சங்கிலிக்காரன். சர்வேயர் நிலம் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்பவன் நான்தான். சம்பளம் சொற்பம். ஆனாலும் காக்கிச் சட்டையும் பூட்ஸும் கொடுத்திருந்தார்கள். அந்த பூட்ஸின் மேல் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான்கு எல்லைக்கும் நான்கு கல் நட்டோம். கிழக்கெல்லைக் கல்லை வாய்க்கால் கரையிலேயே நட்டோம். ஆலைக் கூலிகளின் பன்னிரண்டு குடிசைகள் அதற்கு இந்தப் பக்கம் வரிசையாக இருந்தன. ஆக, அவையும் டவுன்ஷிப்புக்குள் அடக்கம். அந்த வரிசைக்கு அது பெரிய விஷயம். எல்லைக்குள் இருக்கும் தெருவுக்கெல்லாம் குடிதண்ணீர்க் குழாய் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அவர்கள் குடித்தது வாய்க்கால் தண்ணீர். போன மழையில் வாந்திபேதி வந்து அங்கே மூன்று பேர் போயிருந்தார்கள்.

நம் ஜனங்கள் நட்ட கல்லைச் சும்மா விடமாட்டார்கள். ஆலையில் நெல் காயப்போடுகிற ஒருத்தி அதைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். அவள் புருஷன் மூட்டை தூக்குகிறவன். கல்லில் வெட்டியிருந்த அம்புக்குறியைச் சூலம் என்று அவன் சொன்னானாம். ஒரே வாரத்தில் சர்க்கார் கல் காவல் தெய்வமாகிவிட்டது.

அது தெரியாமல், தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன், ஒருநாள் அந்தக் கல்லின் மேல் காலை வைத்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன். குடிசையிலிருந்து அவள் வந்தாள்.

"காலை எடுங்கய்யா. சாமி மேல செருப்புக் காலை வைக்கிறீகளே, நீங்கள்லாம் சோறுதான் திங்கிறீகளா?"

வரிசையே வெளியே வந்து சிரித்தது. நான் காலை எடுத்தேன். கயிறு அவிழ்ந்தபடியே தொங்க, ஆபீஸ் வரை நடந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

மழை பிடித்து வாய்க்கால் பொங்கியதும் கல் முழங்கால் ஆழச் சேற்றில் நின்றது. எருமைகள் வந்து முதுகைச் சொறிந்துகொண்டன. சாமிக்கு இது ஆகாது என்று அவளும் நாலைந்து பெண்களுமாகக் கல்லைப் பெயர்த்து, மூங்கிலில் கட்டி, குலவை போட்டுத் தூக்கிப்போனார்கள். குடிசைகளுக்கு மேற்கே, மேட்டில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்தார்கள். நான் சம்பான் துறையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லை அவர்கள் தோளிலேயே போய் அவர்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதை அங்கே புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

சர்வேயருக்கு மௌல்மேனுக்கு மாற்றலாகிவிட்டது. வரைபடம் ரங்கூன் ஆபீசுக்குப் போனது போனதுதான். கோடையில் குழாய் போடப் புதிதாக ஓர் ஓவர்சியர் வந்தார், சென்னைப் பக்கத்துக்காரர். மரத்தடியில் கல்லைப் பார்த்து, மஞ்சளைச் சுரண்டி, அதில் வெட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்தார்.

"இதுதானே கிழக்கெல்லை?"

"ஆமாம் சார்."

"யாரும் இடம் மாத்தி வைக்கலையே?"

"சாமிக் கல்லை யார் சார் நகர்த்துவா?"

அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பன்னிரண்டு வீட்டுக்குக் குழாயும் குப்பை வண்டியும் தேவையில்லை என்று ஆனதில் கமிட்டிக்கும் வருத்தமில்லை. துரை பேசினார், இருவரும் தலையாட்டினார்கள். மரத்துக்குப் பத்தடி இந்தப் பக்கத்தோடு குழாய் நின்றது. வெளியாட்கள் தண்ணீர் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆலைக் காவலாளி ஒருவனையும் நிறுத்தினார்கள்.

அவள் ஆபீசுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அந்தக் கல்லு முன்னால கரையிலதானே இருந்துச்சு. நட்டது நீங்கதானே. நாங்கதான் தூக்கியாந்து வச்சோம். அதைச் சொன்னா குழா குடுப்பாகளாமே."

'அய்யா' இப்போது 'அண்ணன்' ஆகியிருந்தது. அவள் கையில் த்வாண்டே ஊர் மண்பானை ஒன்று இருந்தது. காவலாளி அவளை விரட்டிய கையோடு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"சர்க்கார் கல்லைப் பெயர்த்தால் ஜெயில்" என்றேன். "தூக்கினது யார் யார்? பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

அவள் வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"திரும்பக் கொண்டுபோய் வச்சிரட்டுமா?"

"தொட்டுப் பார். போலீஸ் வரும்."

பேனாவை மையில் தோய்த்துக் காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதையே பார்த்தாள். பிறகு காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மழையில் வாந்திபேதி மறுபடி வந்தது. குழாய்த் தெருக்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த வரிசையில் ஐந்து பேர் போனார்கள். காலையில் ஆலையில் மூட்டை தூக்கிய அவள் புருஷன் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துபோனான். எங்கள் சாவுப் புத்தகத்தில் அவன் பெயர் ஏறவில்லை. எல்லைக்கு வெளியே செத்தவன் எங்கள் கணக்கில் செத்தவன் இல்லை. அந்த வருஷம் டவுன்ஷிப்பில் வாந்திபேதிச் சாவே இல்லை என்று கமிட்டி மேலிடத்துக்கு எழுதியது. அதைப் படியெடுத்துத் தபாலில் சேர்த்தவன் நான்.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை மரத்தடி வழியாகப் போனேன். அவள் வாய்க்கால் தண்ணீரைச் சுமந்துவந்து கல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் இதை இன்று எழுத வேண்டியிருக்காது.

"அண்ணே, அன்னிக்கு உங்களை ஏசிட்டேன். நீங்க காலைத்தான் வச்சீக. நாங்க சாமியை எடத்தை விட்டே பேத்துட்டோம்ல. அதான் உசிரைக் கேட்டுருச்சு."

கல்லிலிருந்து குங்குமத்தை எடுத்து நீட்டினாள். வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன். நகர்த்தினால் ஜெயில் என்று சொன்னேனே, அது நானாகச் சொன்னது என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

பத்தடி தள்ளிக் குழாய் இருந்தது. காவலாளி எனக்கு வழி விட்டான். திறந்து, நெற்றியைக் கழுவிக்கொண்டு, ஆபீசுக்குப் போனேன்.