சியரிங் குரூப்பின் நன்னடத்தை வீடியோ

போனைக் குறுக்காகப் பிடித்துத்தான் வீடியோ எடுப்பது என்று, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, கல்லூரி விளையாட்டு அறைக்குள் வைத்து முடிவானது. நெடுக்காகப் பிடிக்க வேண்டும் என்றவர்கள் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள். பதிவு செய்ய ஆள் இல்லாததால் அது காற்றோடு போனது. ஈர ஜெர்சியும் சேறு காய்ந்த பூட்ஸும் கலந்த அந்த அறையின் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது...

நாங்கள் கல்லூரி என்று பெயர் வைத்த ஒரு பள்ளிக்கூடத்தின் ரக்பி டீமுக்குச் சியரிங் குரூப். எங்களால் டீமுக்கு ஏதாவது பயன் உண்டா என்று யாரும் டீமிடம் கேட்டதில்லை. ட்ரம்மும் ட்ரம்பெட்டும் சேர்ந்த ஒரு பப்பரே பேண்ட், ஒரு பெரிய கொடி, எல்லோருடைய தொண்டை. இவ்வளவுதான் எங்கள் சொத்து.

முந்தைய வருஷம் கண்டியில் நடந்த பெரிய மேட்சில், எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தல் மைதானத்துக்குள் போய் விழுந்தது. அது தானாகவே போனது என்று விசாரணையில் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னோம். அதனால் இந்த முறை குரூப்பை ஸ்டாண்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று வைஸ் பிரின்சிபல் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் யோசிக்க யோசிக்க ரிஸ்வானுக்குச் சோறு இறங்கவில்லை. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். சின்ன வகுப்பிலிருந்தே இந்தக் குரூப்புக்குக் கொடி தூக்கி, தண்ணீர் தூக்கி, மற்றவர்களின் பையைத் தூக்கி, அந்த வருஷம்தான் பெரிய ட்ரம் அவன் கைக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அதுவே கடைசி வருஷம்.

"அடுத்த வருஷம் நான் ஓல்ட் போய், பழைய மாணவன்டா. வெளியால நின்டு கைதட்ட ஏலும். ட்ரம் தர மாட்டானுகள்" என்றான்.

அவன்தான் வைஸ் பிரின்சிபலிடம் போய், எங்கள் குரூப் திரைக்குப் பின்னால் எப்படி உழைக்கிறது என்று வீடியோ எடுத்துக் காட்டுகிறோம், பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தான். அவரும் சம்மதித்தார். அதற்குப் பிறகுதான் ஒரு சிறு சிக்கல் தெரியவந்தது. திரைக்குப் பின்னால் நாங்கள் உழைப்பதில்லை.

ரோல்ஸ் சாப்பிடுவோம். ட்ரம்மின் மேல் யார் உட்காருவது என்று சண்டை பிடிப்போம். எதிர்க் கல்லூரியைப் பற்றி, எந்த ஆசிரியருக்கும் பாடிக் காட்ட முடியாத பாட்டுகள் எழுதுவோம்.

ஆகவே உழைப்பைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. குரூப்பில் என் போனின் கண்ணாடி மட்டும்தான் உடையாமல் இருந்தது. வீடும் பக்கத்தில், மஹய்யாவயில். நான் கேமராமேன் ஆனேன்.

சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கைதட்டிப் பழகுவதை எடுத்தோம். எதிரணிக்கும் கைதட்டுவதை எடுத்தோம். அதை எடுக்கும்போது இரண்டு பேரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களை வெளியே அனுப்பினோம். மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. போனில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் ரிஸ்வான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, வைஸ் பிரின்சிபல் சேர் நம்புவாரா, சேர் நம்புவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

புசல்லாவையிலிருந்து வந்து போர்டிங்கில் தங்கியிருந்த தினேஷ்தான் கடைசிக் காட்சியைச் சொன்னான். "மேட்ச் முடிஞ்சதும் நம்ம பயலுக குப்ப பொறுக்குற மாதிரி ஒரு சீன் வைப்போம்டா. அதப் பாத்தா எந்த சேரும் எளகிருவாரு."

மைதானத்தில் அன்று ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. தினேஷ் கேன்டீனிலிருந்து வெற்றுப் போத்தல்களைச் சாக்கில் அள்ளி வந்து பரப்பினான். நாங்கள் மிகுந்த சமூக அக்கறையோடு குனிந்து அவற்றைப் பொறுக்கினோம்.

மறுநாள் வைஸ் பிரின்சிபல் தன் கதிரையில் சாய்ந்து, போனைத் தேநீர்க் கோப்பையில் சாத்தி வைத்துப் பார்த்தார். நானும் ரிஸ்வானும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றோம். குப்பை பொறுக்கும் காட்சி வந்தபோதுதான் என் கண்ணில் பட்டது... நடுவில் எல்லோரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்க, திரையின் ஓரத்தில் தினேஷ் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தான். எடிட் பண்ணும்போது நடுவில் இருந்த முகங்களை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனைக் கிட்டே எடுத்தார். விரலால் இழுத்து அதே இடத்தை மறுபடி பார்த்தார். நான் சுவரில் இருந்த டைம் டேபிளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"வடிவா எடுத்திருக்கிறியள்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்தாலும் முகத்தில் தெரியாது. "நீங்கள் இவ்வளவு பொறுப்பான பிள்ளையள் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

"அப்ப நாங்க மேட்சுக்கு வர ஏலுமா, சேர்?"

"ஓம். கட்டாயம் வரவேணும்."

வராந்தாவில் ரிஸ்வான் என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் சட்டை கசங்கியது. இரண்டு நாள் ட்ரம்மைத் துடைத்துத் துடைத்து வைத்தான்.

மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் வைஸ் பிரின்சிபல் எங்கள் வீடியோவை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். மேட்ச் அன்று ஸ்டாண்டையும் சுற்றுப்புறத்தையும் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் சியரிங் குரூப்புக்கு வழங்கப்படுவதாக அறிவித்தார். கையுறையும் பைகளும் கல்லூரி தரும். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ரிஸ்வான் ஓடிப்போய் ட்ரம்மைப் பற்றிக் கேட்டான்.

"ரெண்டு கையாலயும் ட்ரம் அடிச்சா, தம்பி, குப்பை ஆர் பொறுக்கிறது?" என்றார் அவர், மிக அன்பாக.

போன கிழமை, இப்போதைய சியரிங் குரூப் பையன்கள் எடுத்த வீடியோ ஒன்று வந்தது. ட்ரோன் இருக்கிறது. ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் இருக்கிறது. ட்ரம் அடிக்கிறவனின் வியர்வைகூட ஸ்லோ மோஷனில் விழுகிறது. அவர்கள் யாருடைய அனுமதிக்காகவும் எடுப்பதில்லை, லைக் மட்டும்தான் கேட்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு போனும், உள்ளே விடுவார்களா என்ற ஒரு கவலையும்தான்... அந்தக் கவலைகூட இப்போது நினைத்தால் நன்றாக இருக்கிறது.

அனுப்பியவன் ரிஸ்வான். கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். கூடவே ஒரு வொய்ஸ் மெசேஜ்: "பாரு மச்சான், இவனுகள் எல்லாரும் ஸ்டாண்டுக்கு உள்ளுக்கு ஈக்கிறானுகள்."

நாங்கள் குப்பை பொறுக்கிய அன்றைய மேட்சில் எங்கள் டீம் ஜெயித்தது. எதிர்ப்பக்கத்து பப்பரே பேண்ட் திடீரென்று நின்றுபோனதை வைத்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் பை கட்டிக்கொண்டிருந்த ரிஸ்வான் அதைத் தெரிந்துகொண்டான்.