அம்மாவின் காது

1936 ஜூலை 17, வெள்ளிக்கிழமை, மாலை மூன்றரை மணி, சாரல். எத்தனையோ வருஷம் கழித்து இன்று பேத்தி பிசையும் களிமண்ணின் வாடை, அந்த நாளுக்கு, இப்போது இடமே தெரியாமல் போய்விட்ட அந்தக் கோயமுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக் கைவேலைக் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போகிறது.

செத்துப்போன அம்மாவின் முகத்தைச் செய்திருந்தேன். வீட்டில் போட்டோ கிடையாது.

"சார், இதெ ஊட்டுக்கு எடுத்துக்கறனுங்க."

"மண்ணு உங்கப்பன் சொத்தா, கண்ணு? பெசஞ்சு போடு," என்றார் வாத்தியார்.

வாங்கிய மண்ணை அதே எடைக்குத் திருப்பித் தரவேண்டும். முகத்தை நானே பிசைந்தேன். ஒரு காதை மட்டும் கிள்ளி ஜேபில் ஒளித்தேன். தராசு காட்டிக்கொடுத்தது.

"கொறையுதே, தின்னுபோட்டியா?"

"ஆமாங்க சார்."

வகுப்பே சிரித்தது. நனைந்துகொண்டே வீடு சேர்ந்தபோது ஜேபில் வெறும் சேறுதான் இருந்தது. அப்பா கட்டிய அபராதம் இரண்டணா.