கூரைக்கு இரண்டு எலும்பு

சந்தைத் தெருவில் குழந்தை வண்டி எதிரே வந்துவிட்டால் நெவில் கிரிம்ஷா நின்றுவிடுவார். குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அடடா, என்ன அழகு! பாத்துக்கிட்டே இருக்கலாம் போல!" என்பார். பெற்றவளுக்கு முகமெல்லாம் பூரிக்கும். அடுத்த நொடி அவர் கை வண்டியின் மேல்மூடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக மடக்கத் தொடங்கும்போதுதான், புகழ்ச்சி பிள்ளைக்கு அல்ல, மூடியின் கீலுக்கு என்பது அவளுக்கு விளங்கும். முகம் சுருங்குவதைப் பார்த்து, "ஓ, குழந்தையா? அதுவும் நல்லாத்தான் இருக்கு, கண்ணு" என்று சொல்லிவிட்டு நகர்வார்.

பிழைப்புக்கு பாய்லர் பழுது பார்க்கிறார். இங்கிலாந்தில் டாட்மர்டன் என்கிற எங்கள் ஊரில் குளிர்காலத்தில் எந்த வீட்டில் வெந்நீர் நின்றாலும் நெவிலைத்தான் கூப்பிடுவார்கள். வந்து, வேலையை முடித்து, இஞ்சி பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுவிட்டு, புறப்படும்போது அந்த வீட்டு நாற்காலியின் கைப்பிடி வளைவை ஒரு முறை தடவிப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் இதை மரியாதையாக எடுத்துக்கொள்வதா, சந்தேகமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் விழிப்பார்கள். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி, தோட்டக் கடையில் அவரைக்கொடிப் பந்தல், கடற்கரையில் யாரோ ஒருவரின் கூடாரம், எதையும் விட்டுவைத்ததில்லை. வளைந்த குழாய் எங்கே கண்ணில் பட்டாலும் அதைத் தொட்டுவிட வேண்டும்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் கார். அது கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குகிற கார் அல்ல. பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து, நெவிலின் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கோர்க்கப்பட்டது. பச்சை நிறம், நீண்ட மூக்கு, இரண்டு இருக்கை. கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். உட்கார்ந்தவரின் பின்புறத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். கூரையும் கிடையாது. "அத அப்புறம் வாங்கிக்கலாம்" என்று நெவில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அவர் வாங்கத் தயாரானபோது கம்பெனி கடையைக் கட்டிவிட்டிருந்தது.

அதற்காக அப்போது அவர் வருந்தவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் வருஷத்தில் பாதி நாள் வானம் ஒழுகிக்கொண்டிருக்கும். ஆனால் நெவிலின் வாயில் மழை என்ற சொல் வராது. அவருக்கு அது ஈரக்காற்று, இல்லாவிட்டால் தூறல், மிஞ்சிப் போனால் கனத்த தூறல். இந்த மாதிரி திறந்த கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வேதவாக்கும் உண்டு. "அம்பது மைல் வேகத்துக்கு மேல போ. தண்ணி கண்ணாடில ஏறி தலைக்கு மேல பறந்துடும். ஒரு சொட்டு உள்ள வராது." உண்மைதான், வேகம் இருக்கும்வரை.

நெவிலின் மனைவி பாலீனின் அக்கா மகளுக்கு ஹாலிஃபாக்ஸில் கல்யாணம் நடந்த அன்று, ஆடுகள் ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்களுக்கு முன்னால் போனது. ரோடு குறுகல், முந்த வழியில்லை. நெவில் ஐம்பதில் பறக்க வேண்டிய இடத்தில் ஆடுகள் நிர்ணயித்த வேகத்தில் ஊர்ந்தார். தேவாலயத்து வாசலில் பாலீன் இறங்கியபோது, இறகு வைத்த புதுத் தொப்பி காதுவரை தொங்கியது. கல்யாணப் போட்டோக்களில் பெண்ணின் சித்தி பாதிரியாரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "வெறும் ஈரக்காத்துதான்" என்று நெவில் சமாதானம் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் பிழைத்திருப்பார்.

பாலீன் சத்தம் போடவில்லை. "கூரையப் போடு, வரேன். அதுவரைக்கும் எனக்கு பஸ் இருக்கு" என்றார். சொன்னபடியே பஸ்ஸில் போனார். அன்றிலிருந்து இடப்பக்க இருக்கையில் நெவிலின் டூல் பாக்ஸ் உட்கார்ந்தது, பெல்ட் எல்லாம் மாட்டிக்கொண்டு. மன்றத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். மன்றம் என்றால், இதே ரகக் காரை வீட்டில் கோர்த்த ஒரு பத்துப் பதினைந்து பேர். மாதம் ஒரு ஞாயிறு வரிசையாகக் கிளம்பி எங்காவது போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். "என்னப்பா, புது சம்சாரம் கொஞ்சம் கனமோ?" என்று ரஸ்ஸல் கேட்டார். நெவிலும் சிரித்தார். ஆனால் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "திருப்பத்துல பாலீன் என் மேல சாயுவா. சாஞ்சுக்கிட்டே திட்டுவா. இது சாயுது, ஆனா வாயத் திறக்க மாட்டேங்குது." மனுஷனுக்கு அந்தத் திட்டு இல்லாமல் கார் ஓட்டவே பிடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கூரைத்துணியைத் தைத்துவிடலாம். சோபா தைக்கிறவர் ஒருவர் கறுப்பு ரெக்ஸினில் வெட்டித் தருவதாகச் சொன்னார். துணியைத் தாங்கும் வளைவுகள்தான் பிரச்சினை. நெவில் அவற்றை எலும்பு என்பார். "தோல் எவன் வேணா போடலாம். எலும்புதான் மனுஷன்" என்பது அவர் சித்தாந்தம். தொழிலுக்கு ஏற்றபடி முதலில் செம்புக் குழாயில் வளைத்தார். அழகாக வளைந்தது, துணியைப் போட்டதும் இன்னும் அழகாகப் படுத்துவிட்டது. அடுத்து பழைய கூடாரக் கம்பி. ரோட்டில் இறங்கியதும் அது தூண்டில் கழி மாதிரி ஆடியது. கடைசியில் சுவரில் மின்கம்பியைச் செருகும் இரும்புக் குழாயைப் பிடித்தார். வெறுமனே வளைத்தால் குழாய் நசுங்கும். அதனால் குழந்தைகள் விளையாடும் மணலை உள்ளே இறுக நிரப்பி, இரு முனையிலும் ஒயின் பாட்டில் தக்கையை அடித்து, பலகையில் வெட்டிய அச்சின் மேல் மெதுவாக வளைத்தார். அத்தனை தக்கைக்கு எங்கே போனார் என்று பாலீன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது நெவிலின் முகம் ஏன் அப்படிச் சிவந்திருந்தது என்பது மட்டும் விளங்கிவிட்டது.

அளவும் எடுக்க வேண்டுமே. பாலீன் டிவி பார்த்துக்கொண்டிருக்கையில் சோபாவுக்குப் பின்னால் அளவு நாடாவுடன் பதுங்கினார். இருக்கையிலிருந்து தலைமுடி உச்சிவரை அளந்து, சலூனுக்குப் போய்வந்த நாளில் மறுபடி அளந்தார்.

"என்ன, சவப்பெட்டிக்கா?" என்றார் பாலீன், திரும்பாமலே.

"கூரைக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். தாராளமா வை."

ரஸ்ஸல் ஒரு நாள் கொட்டகைக்கு வந்து எலும்புகளைப் பார்வையிட்டார். அவர் வீட்டில் இரண்டு கார் கோர்த்தவர். மன்றத்தில் அவர் வார்த்தைக்கு எடை உண்டு.

"ரெண்டு பத்தாதுடா. மூணு வேணும். நடுவுல ஒண்ணு போடு."

"ரெண்டு போதும்."

"நடுவுல தண்ணி குட்டை கட்டும்டா, மடையா!"

"கட்டட்டும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நெவில் தன் கூரைக்கு இரண்டே எலும்பு என்று நின்றார். ரஸ்ஸல் தலையில் அடித்துக்கொண்டு போனார். காரணத்தை நெவில் அவரிடம் சொல்லவில்லை. போன வருஷம் பாலீனுக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்தார்கள். காலை அதிகம் மடக்க முடியாது. நடுவில் ஒரு கம்பி வந்தால் அதன் கால் ஏறும் இடத்திலேயே இறங்கி, சரியாக அவர் முட்டியில் இடிக்கும். நெவில் ஒரு காலை விறைப்பாக வைத்துக்கொண்டு தானே பலமுறை ஏறி இறங்கிப் பார்த்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே இதைப் பார்த்துவிட்டு, அவருக்கும் இடுப்பு போய்விட்டதோ என்று விசாரித்தார்.

பிப்ரவரியில் தோல் தைத்து வந்தது. கொட்டகையில் மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். கூரை தலையில் இடிக்கிறதா என்று பார்க்க நெவில் காருக்குள் உட்கார்ந்தே எலும்பை நிமிர்த்தி, ரெக்ஸினை இழுத்து, பிரஸ் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கையை வெளியே விட்டு அழுத்தினார். மேளத்தோல் மாதிரி விறைத்து நின்றது. சந்தோஷத்தில் பக்கத் திரைகளையும் பூட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் புரிந்தது: கழற்ற வேண்டுமானால் வெளியே நிற்க வேண்டும். போன் மேஜை மேல் இருந்தது. ஹாரனை அடித்தார்.

பாலீன் நிதானமாக வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. காத்து கூட போகாது போல."

"பாலீன், அந்தப் பின் பட்டன மட்டும் கொஞ்சம்..."

"என் சீரியல் முடியட்டும்."

பக்கத் திரையின் இடுக்கு வழியாக ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து விடுவித்தபோது, வாக்கையும் கொடுத்தார். ஜூலையில் மன்றம் கடற்கரை ஊரான விட்பிக்குப் போகும்போது வருவதாக. "ஒரு தடவதான். என் மேல ஒரு சொட்டு விழட்டும், அதோட உனக்கும் அந்த டூல் பாக்ஸுக்கும் நடுவுல நான் வரவே மாட்டேன்." பாலீன் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நெவிலுக்கு ஜூலைவரை சாப்பாடு இறங்கவில்லை.

விட்பி போகும் வழியில், மரமே இல்லாத மேட்டு நிலத்தில், வானம் திறந்துகொண்டது. கனத்த தூறல் என்றுகூட நெவிலால் அதைச் சொல்ல முடியவில்லை. மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நனைந்தாலும் யாரும் நிற்க மாட்டார்கள். முதலில் கூரை போடுகிறவர் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். நெவில் யோசிக்காமல் ஓரங்கட்டினார். குதித்து இறங்கி, எலும்பை நிமிர்த்தி, தோலைப் போர்த்தி, ஓடி ஓடிப் பட்டன்களை அழுத்தினார். நனைந்த கோழியாகப் பக்கத்தில் போன ரஸ்ஸல் ஹாரன் அடித்து, டீ குடிப்பதுபோல் கட்டை விரலை வாய்க்குக் காட்டிவிட்டுப் போனார். நெவில் முழங்கைவரை சொட்டச் சொட்ட உள்ளே ஏறினார். பாலீன் மேல் ஒரு துளி இல்லை. முடி கலையவில்லை. நெவிலுக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது, அடித்தார்.

திருப்பத்தில் பாலீன் சாய்ந்தார். "மெதுவாப் போயேன், எருமை" என்றார். நெவிலுக்குக் கண் கலங்கியது. வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அதைக் கவனித்தார். பிப்ரவரிக் குளிரில் இழுத்துக் கட்டிய ரெக்ஸின், ஜூலைப் புழுக்கத்தில் தளர்ந்துவிட்டிருந்தது. குளிரில் சுருங்கியிருந்த துணியை அளவென்று நம்பி வெட்டினால் வேறென்ன ஆகும்! இரண்டு எலும்புக்கும் நடுவில், பாலீனின் மடிக்கு நேர் மேலே, கூரை பசுவின் மடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கனத்தது. தையல் ஓரத்தில் ஈரம் மினுங்கியது. நிறுத்திக் கூரையை எடுத்தால் அத்தனையும் அவர் மேல் கொட்டும். ஓட்டினால் தையல் வழியே சொட்டும். நெவில் விசிலை நிறுத்தினார். ஐம்பதுக்கு மேல் போனார். குட்டை ஆடியதே தவிர நகரவில்லை.

பாலீனும் மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்கதான ரஸ்ஸல் சொன்ன மூணாவது எலும்பு வரணும்?"

"உங்கிட்டயுமா சொன்னான்?"

"ஊருக்கே சொன்னான்."

"அது வந்து... அது இருந்தா உன் காலு..."

"தெரியும். நீ கால விறைச்சுக்கிட்டு ஏறி எறங்கினத சமையலறை ஜன்னல்லேருந்து நானும்தான் பாத்தேன். ரோட்டப் பாரு."

பாலீன் உள்ளங்கையைக் குட்டையின் அடியில் வைத்து மேலே தள்ளினார். தண்ணீர் மொத்தமாகப் பக்கவாட்டில் சரிந்து ரோட்டில் கொட்டியது. நெவில் அவர் கை இறங்கக் காத்திருந்தார். அது இறங்கவில்லை. விரல்களை நன்றாக விரித்து, முழங்கையைக் காரின் பக்க விளிம்பில் ஊன்றி, பாலீன் கூரையை அப்படியே தாங்கிக்கொண்டார்.